யார் எங்கே நிற்பது

“ஒவ்வொருத்தரா வாங்க.”

ரேஷன் கடையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், குழுக்கடனுக்குக் கையெழுத்து வாங்கும் மேசையில் என்று ஆண்டிமடம் பக்கத்துப் பெண்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. சேர்ந்து வந்த பெண்களைப் பிரித்து வரிசையில் நிறுத்திய பிறகுதான் எந்த இடத்திலும் வேலை தொடங்குகிறது. பாட்டைப் பதிவு செய்யப் போன இடத்திலும் அதே வாக்கியம் வந்தபோது அவர்களில் ஒருவர், “ஏன், ஒண்ணா வந்தா என்னா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடவில்லை.

எட்டுப் பேர் கொண்ட குழு அது. நான்கு பாட்டுக்காரர்கள், பறையடிக்கும் பெண்கள் இருவர், தவிலுக்கும் பம்பைக்கும் ஆண்கள் இருவர். எல்லோரும் ஒரே தெரு. பங்குனியிலிருந்து வைகாசி வரை பெண்கள் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குவார்கள். மற்ற மாதங்களில் கிடைக்கிற கூலி வேலை. இடையிடையே சாவு வீடு, கோயில் விழா, மகளிர் தினம் என்று அழைப்பு வந்தால் பாடப் போவார்கள். பாடல் சேகரிக்கப் போன வகையில் எனக்குப் பழக்கமானவர்கள். என்னை ‘டீச்சர்’ என்பார்கள். குழுவில் மூத்தவரை எல்லோரும் ‘ஆயா’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. இந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு பணம் வந்தாலும் எட்டாகப் பிரியும். முன்பாட்டுக்கார ஆயாவுக்கும் ஒரு பங்கு, ஜால்ராவைத் தட்டிக்கொண்டு பின்பாட்டு மட்டும் பாடுகிற இளையவளுக்கும் ஒரு பங்கு. தவிலும் பம்பையும் ஆண்கள் கையில் இருப்பதால் கூடக் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள். கொடுத்ததில்லை.

பதிவு செய்யும் எண்ணம் ஆசையில் வந்ததல்ல, பிழைப்பில் வந்தது. நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் “லிங்க் அனுப்புங்க” என்கிறார்கள். சாவு வீடுகளில் பந்தல் போடுகிறவரே ஒலிபெருக்கியோடு பென் டிரைவும் கொண்டுவந்து விடுகிறார்; யாரோ எப்போதோ பாடிய ஒப்பாரி, இறந்தவர் யாரென்று தெரியாமலே, நாள் முழுக்க ஓடுகிறது. “மெஷினு அழுவுது, நாம வேடிக்க பாக்கறோம்” என்று ஆயா சொன்னார். அதோடு ஆயாவின் மூச்சு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பக்கத்து நகரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். நடத்துபவர் நல்ல மாதிரியான இளைஞர், மரியாதையாகப் பேசினார். அவருடைய முறை இதுதான்: முதலில் கணினியில் ‘டிக் டிக்’ என்று ஒரு தாள ஓசையை ஓடவிடுவார். அதைக் காதில் கேட்டுக்கொண்டு தவில்காரர் தனியாக வாசிக்க வேண்டும். பிறகு பம்பை, பிறகு பறை. கடைசியில் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முன்பாட்டு. “கோரஸுக்கு எல்லாரும் வேணாம் மேடம். ஒரு அக்கா நாலு தடவ பாடிட்டாப் போதும், நாலு பேர் பாடுற மாதிரி அடுக்கிடலாம்.”

ஆயா கண்ணாடிக்குள் போனார். ஓர் அடி பாடினார். நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். “பாடுங்க பாட்டி” என்றார் இளைஞர் மைக்கில். மறுபடி ஓர் அடி, மறுபடி நிறுத்தம். உள்ளேயிருந்து ஆயா கேட்டார்: “யாரு வாங்கறது?”

முன்பாட்டுக்காரர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை ‘வாங்கி’ப் பாடுவார்கள். எடுத்துக் கொடுத்ததை யாரும் வாங்காவிட்டால் அடுத்த அடி வராது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. அடுத்த அடி எது என்பதையே, மற்றவர்கள் எந்த வேகத்தில், எந்த உரத்தில் வாங்கினார்கள் என்பதை வைத்துத்தான் ஆயா முடிவு செய்கிறார். ஒப்பாரியில் அண்ணனைப் பாடுவதா, தாய்வீட்டைப் பாடுவதா என்பதுகூட எதிரில் அழுகிறவள் முகத்தைப் பார்த்து அந்த இடத்தில் தீர்மானமாவது. இன்னொன்றும் உண்டு. ஆயாவின் மூச்சு அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் தீர்ந்துவிடும். அந்தச் சொல்லைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொள்வார். பல வருடமாக அப்படித்தான் பாடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணாடி அறைக்குள் அது ஓட்டையாகக் கேட்டது. “மூச்சு விழுது பாட்டி, இன்னொரு வாட்டி.” ஏழாவது வாட்டியில் ஆயா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். “கெணத்துல எறக்கி உட்டுட்டு கயித்த எடுத்துக்கிட்டா எப்பிடிம்மா பாடறது?”

அப்போதுதான் ஜால்ரா இளையவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒன்றாக வந்தால் என்ன? இளைஞர் பொறுமையாக விளக்கினார். எல்லோரும் ஓர் அறையில் பாடினால் ஒருவர் குரல் அடுத்தவர் மைக்கில் விழும். அதற்கு ‘லீக்கேஜ்’ என்று பெயர். லீக்கேஜ் இருந்தால் பிறகு ஒருவரை மட்டும் ஏற்றவோ இறக்கவோ திருத்தவோ நீக்கவோ முடியாது. அவள் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். “நீக்கறதா? யார நீக்கறது? ஒரு அக்காவ வெச்சு நாலு அக்கா பண்ணிட்டா மூணு பேரு பங்கு என்னாவும்?” இளைஞரிடம் பதில் இல்லை. அது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் அல்ல. ஆனால் சரியான கேள்வி. குரலைப் பிரித்தால் கூலி பிரியும்; இதை விளங்கிக்கொள்ள அவளுக்குத் தொழில்நுட்பம் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அன்று திரும்பும்போது பேருந்தில் நான் பழைய இசைத்தட்டுக் காலத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். பிரித்துப் பதிவது பிற்பாடு வந்த பழக்கம். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது மைக் என்ற ஒன்றே இல்லை. ஒரு தகரக் கூம்புக்குள் பாட வேண்டும். அதிர்வு ஊசி வழியாக மெழுகில் கோடாக விழும். கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பாடி வாசித்தாக வேண்டும். யார் குரல் உரக்கக் கேட்க வேண்டுமோ அவர் கூம்புக்கு அருகில், உரத்த வாத்தியங்கள் தள்ளி. ஏற்ற இறக்க வேறு வழியே கிடையாது. நிற்கிற இடம்தான் அளவு. அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவரில் அச்சாகி வந்தன. எந்தத் தட்டு யாருடையது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிவதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிக்கும் தட்டுகளை இன்றும் கேட்கலாம். தொழிலுக்காக ஏற்பட்ட ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு பெண் ஊரறியத் தன் பெயரைத் தன் வாயால் சொன்ன பதிவு அது.

தென்னாட்டிலும் தட்டுக்கு முதலில் பாட வந்தவர்களில் பலர் தேவதாசி மரபுப் பெண்கள். ‘குடும்பப் பெண்கள்’ அப்போது கூம்பின் பக்கம் வரவில்லை. 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் கடல் தாண்டிப் போயின. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் அவர் பாடியதைக் கேட்டு மயங்கி ‘ராகமாலிகா’ என்று ஒரு படைப்பே செய்தார். தாயியை இன்று எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? என் வகுப்பில் கேட்டால் அமைதிதான்.

1920களின் நடுவில் மின்சார மைக் வந்தது. பிறகு பேசும் படம். திரைப் பாட்டுகளை வெகுகாலம் வாத்தியக்காரர், பாடகர், கோரஸ் எல்லோரும் கூடித்தான் பதிந்தார்கள். எல்.ஆர். ஈஸ்வரி தன் தாயோடு கோரஸ் பாட வந்தவர். தாய் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தார். மகள் அங்கிருந்து தனிப் பாட்டுக்கு நகர்ந்தார். 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்துவரும் பாட்டு அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. இன்றும் கல்யாண மண்டபங்களில் ஓடுகிறது. அந்தப் பாட்டில் அவருக்குப் பின்னால் பாடும் பெண்களைக் கவனித்துக் கேளுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது கல்யாணப் பாட்டே அல்ல. தோழியர் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் ஈஸ்வரியின் குரல் அங்கே நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? ஒன்றாகப் பாடியதாலேயே எல்லோருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தனித்தனியாகப் பதிவதையும் நான் தூற்ற மாட்டேன். ஒரே அறையில் பலர் சேர்ந்து பதிந்த காலத்தில் ஒருவர் இருமினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எரிச்சல் யார் தலையில் விடியும் என்று நாமே ஊகிக்கலாம். 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி ஒரு பதிவுக்கூடம் கட்டினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ஒவ்வொரு ஒலியாக அடுக்கி நிதானமாகக் கட்டும் முறை அதன்பிறகு நம் காதுக்குப் பழகிப்போனது. அந்த முறையின் மலிவான வடிவம் இன்று ஒரு மடிக்கணினிக்குள் இருக்கிறது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நள்ளிரவில் அடுப்படியில் உட்கார்ந்து தன் கவிதைக்குத் தானே மெட்டமைத்து, தானே நான்கு குரலில் பாடிப் பதிகிற பெண்களை எனக்குத் தெரியும். எந்த ஆணின் தயவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அது விடுதலைதான். ஆனால் அது தனியாக உண்டாக்கும் பாட்டுக்கு. எட்டுப் பேரின் காதில் உண்டாகும் பாட்டை அந்த முறையில் பதிந்தால் எட்டுப் பேரும் அதில் இருக்கலாம், ஒருவரை ஒருவர் கேட்டது மட்டும் இருக்காது.

அச்சுக்கும் இது பொருந்தும். ஆங்கில ஆட்சிக்கால அதிகாரி பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’யாக வெளியிட்டது. அப்படிப்பட்ட தொகுப்புகள் இல்லாவிட்டால் எவ்வளவோ பாட்டு போயிருக்கும். நன்றி இல்லாமல் பேச மாட்டேன். ஆனாலும் அச்சிட்ட பாட்டு ஓர் அடிக்குக் கீழ் இன்னோர் அடியாக நிற்கிறது. எந்த அடியை யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், எந்த இடத்தில் ஒருத்தியின் மூச்சு இன்னொருத்தியின் மூச்சானது என்பதற்குத் தாளில் இடமில்லை.

நமக்கு இதைவிடப் பழைய ஒரு கணக்கு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை நடத்த மாதரி ஏழு பெண்களை நிறுத்துகிறாள். ஊரில் தீநிமித்தங்கள், பால் உறையவில்லை. அதற்காகத்தான் குரவை. ஏழு பேருக்கும் ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்ற பெண் மாயவன் ஆகிறாள், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். எத்தனையோ ஆண்டு இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன்; சுரங்களின் வரிசை, இசைத்தமிழ்ச் செய்தி என்று. ஒரு பெண்ணுக்கு ஒரு சுரம்தான் என்பதை ஸ்டூடியோவுக்குப் போய்வந்த பிறகு வேறு மாதிரி படித்தேன். அவளைத் தனியே அழைத்துப் பாடச் சொன்னால் ஒரே சுரம்தான் கிடைக்கும். பண் வேண்டுமென்றால் வட்டம் வேண்டும்.

ஒப்பாரியும் வட்டம்தான். சாவு வீட்டில் வந்து இறங்கும் பெண் நேராகப் போய் இருக்கிறவள் தோளைக் கட்டிக்கொள்வாள். தலைகள் உள்பக்கம் கவிழ்ந்திருக்கும். முகம் எதிரிலிருப்பவள் தோளில் புதைந்திருக்கும். பாட்டு வெளியே இருக்கிறவர்களை நோக்கிப் பாடப்படுவதே இல்லை. ஊர் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டு அதன் மிச்சத்தைக் கேட்கிறது. இதை எங்கிருந்து பதிவது?

பதியச் சம்மதித்தவள் என் பழைய மாணவி. தமிழ் இளங்கலை முடித்துவிட்டுச் சென்னையில் ஒலிப்பதிவு கற்றுக்கொண்டவள். கைக்குள் அடங்கும் ஒரு ரெக்கார்டர், அதில் கத்தரி மாதிரி குறுக்கிட்டு நிற்கும் இரண்டு மைக் முனைகள், நல்ல ஹெட்போன் ஒன்று. இவ்வளவுதான் அவள் கொண்டுவருவதாகச் சொன்னாள். “இது போதும் மிஸ், அறைதான் வேணும்.”

அறை கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒப்பாரியும் பதிய வேண்டும் என்றதும் கதவுகள் மூடிக்கொண்டன. மனிதர் வாழும் வீட்டில் காரணமில்லாமல் ஒப்பாரி பாடக் கூடாது. பாடினால் காரணம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. சமுதாயக்கூடத்தில் கல்யாணம் நடக்கும், அங்கேயும் கூடாது. இதில் பாட்டுக்காரர்களே கண்டிப்பாக இருந்தார்கள். என் வீட்டுக்கு அழைத்தேன். ஆயா ஒரே வார்த்தையில் மறுத்தார். “புள்ளைவோ இருக்குற ஊடு.”

கடைசியில் ஒரு முந்திரிக் குடோன் கிடைத்தது. தை மாதக் கடைசி, புதுக் கொட்டை வரவில்லை. நீள அறை, தகரக் கூரை, மூன்று சுவரோரமும் காலிச் சாக்குக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு. மாணவி உள்ளே போய் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினாள். முகம் மலர்ந்தது. வெறும் சிமெண்டுச் சுவர் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும், சாக்கு விழுங்கிவிடும். ஸ்டூடியோக்காரர்கள் சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டுவதும் இதற்குத்தான்.

உரிமையாளர் வாடகை கேட்கவில்லை. “கொட்ட வர்றதுக்கு முன்னாடி முடிச்சிக்குங்க. முடிச்சிட்டுக் கழுவி உட்டுடணும்” என்றார். சாவுப் பாட்டு பாடிய தீட்டுக்காகக் கழுவச் சொன்னாரா, பாடியது எந்தத் தெரு என்பதற்காகவா? நான் வாய் திறப்பதற்குள் பறைக்கார அக்கா “சரிங்க” என்றுவிட்டார். வெளியே வந்து என்னிடம், “கேட்டா சாவிய வாங்கிக்குவாரு டீச்சர். சாவி இருக்கட்டும், கேக்கறது எப்ப வேணா கேக்கலாம்” என்றார். அவருடைய கணக்கு அது. நான் அவரிடம் வாதாடவில்லை. ஆனால் எழுதி வைக்கிறேன்.

விடியற்காலையிலேயே போய்விட்டோம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தகரம் விரிந்து டக் டக்கென்று ஓசை விடும். பனியில் பறைத் தோல் தொய்ந்திருந்தது. வாசலில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினார்கள். விட்டத்தில் கயிறு கட்டி, ரெக்கார்டரை அறையின் நடுவில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். பிறகு தொடங்கியது உண்மையான வேலை: யார் எங்கே நிற்பது.

ஊர்வலத்தில் வாத்தியம் முன்னால், பாட்டுக்காரிகள் பின்னால். இங்கே அது செல்லாது. ஒரே மைக் என்றால் உரத்தவர் தள்ளி நின்றாக வேண்டும். பிறகு பொத்தானைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. மாணவி முதல் பதிவை எட்டுப் பேருக்கும் ஹெட்போனில் போட்டுக் காட்டினாள். பம்பை மட்டும்தான் கேட்டது. பம்பைக்கார அண்ணனுக்கு மனசில்லை, “பொம்பளைவோ மின்னாடி, நான் சாக்கு மூட்டையோட மூட்டையா?” என்றார் பாதி விளையாட்டாக. அவர் மனைவி பாட்டுக்காரர்களில் ஒருவர். அவர் எதுவும் பேசாமல் ஹெட்போனை மறுபடி அவர் காதில் மாட்டிவிட்டார். அண்ணன் முழுப் பாட்டும் கேட்டார். பிறகு தானாகவே எழுந்து கடைசிச் சுவருக்குப் போய், சாக்கின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தவில் அவருக்குப் பக்கத்தில். பறை இரண்டும் கதவோரம். பின்பாட்டு மூவரும் அரை வட்டமாக. ஆயா மைக்குக்கு நேர் கீழே ஒரு கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். இந்த இடங்களைக் கண்டுபிடிக்க ஐந்து ஒத்திகை ஆனது. ஐந்து முறையும் எட்டுப் பேரும் கேட்டார்கள், எட்டுப் பேரும் பேசினார்கள். ஸ்டூடியோவில் இந்த முடிவையெல்லாம் பாட்டு முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு ஒருவர் தனியாக உட்கார்ந்து எடுப்பார். இங்கே அவரவர் காலால் எடுத்தார்கள்.

கனடாவில் ‘கௌபாய் ஜங்கீஸ்’ என்ற குழு 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிடி தேவாலயத்தில் இப்படித்தான் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஓர் இசைத்தட்டின் பெரும்பகுதியைப் பதிந்தது. தேவாலயத்துக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று ‘டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக’ என்று சொல்லி இடம் வாங்கினார்களாம். நாங்கள் குடோன் தேடி அலைந்ததை நினைத்துச் சிரித்தேன். பாடகி மார்கோ டிம்மின்ஸ் மிக மெல்லப் பாடுகிறவர். வாத்தியங்களோடு அவர் குரல் நிற்பதற்காக அதை ஓர் ஒலிபெருக்கி வழியாக அனுப்பி, அந்த ஒலிபெருக்கியையும் வட்டத்தில் ஓர் ஆளைப்போல வைத்தார்கள். மெல்லிய குரலுக்கு இடம் கொடுக்க மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்ட ஓசை அந்தத் தட்டு முழுக்கக் கேட்கிறது.

கும்மியை இரண்டு முறை பதிந்தோம். மைக்கைச் சுற்றிப் பெண்கள் கைதட்டி வந்தார்கள். ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு குரலும் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போய்ப் பின்னால் மறைந்து திரும்பி வருகிறது. தொடங்கிய வேகம் ஒன்று, முடிந்த வேகம் வேறு. ‘டிக் டிக்’ ஓசைக்கு இது தப்பு, கும்மிக்கு இதுதான் சரி. இரண்டாவது பதிவில் வெளியே ஓர் ஆடு கத்தியது. இருக்கட்டும் என்றார்கள். நடவுப் பாட்டின் நடுவில் ஆயாவுக்கு ஓர் அடி மறந்தது. அரை நொடி வெற்றிடம். பக்கத்திலிருந்தவர் முந்தைய அடியையே இன்னொரு தடவை வாங்கினார், மற்ற இருவரும் அதையே மறுபடி வாங்கினார்கள், பறை ஒரு சுற்றுக் கூடுதலாக உருண்டது, அதற்குள் ஆயாவுக்கு அடி வந்துவிட்டது. மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டோம்.

ஒப்பாரியைக் கடைசிக்கு வைத்தார்கள். வாத்தியம் இல்லை. ஆண்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை. ரெக்கார்டரைத் தாழ இறக்கச் சொன்னார் ஆயா. ஆறு பெண்களும் தரையில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். ரெக்கார்டர் அவர்கள் தலைகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. யாரை நினைத்துப் பாடினார்கள் என்று நான் கேட்கவில்லை. பதினோரு நிமிடம். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசை, வளையல் ஓசை, ஆயா “போதும் எழுந்திரிங்கடி” என்பது, எல்லாம் பதிவில் இருக்கின்றன.

கௌஹர் ஜான் கதையை முந்தின வாரம் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். பிடித்துப்போய்விட்டது. தாங்களும் கடைசியில் பெயர் சொல்வோம் என்றார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. வெறும் பெயரா, ஊரும் சேர்த்தா? ஊர் என்றால் ஆண்டிமடம் என்று சொன்னால் போதுமா, தெருப்பெயரையும் சொல்வதா? தெருப்பெயரைச் சொன்னால் கேட்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும், அழைப்பு குறையலாம். சொல்லாவிட்டால் ஒளிப்பதாக ஆகும். கால் மணி நேரம் பேசினார்கள். பறைக்கார அக்காக்கள் இருவரும் தெருவைச் சொன்னார்கள், மற்றவர்கள் ஊரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவரவர் இஷ்டம் என்று விட்டார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் இன்னாருடைய சம்சாரம் என்று தொடங்க, மற்றவர்கள் சிரித்ததில் அதை மட்டும் திரும்பப் பதிய வேண்டியதாயிற்று. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் தாங்களே சொல்லிக்கொண்டது, அங்கேயே இருக்கட்டும்.

பிறகு தண்ணீர் கொண்டுவந்து குடோனைக் கழுவினார்கள். பம்பைக்கார அண்ணனும் துடைப்பம் எடுத்தார். சாக்கு நனையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பதிவை எட்டு மெமரி கார்டில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தோம். நிகழ்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவதற்குக் கும்மியும் நடவும் மட்டும். ஒப்பாரியை வெளியே விடக் கூடாது என்பது எட்டுப் பேரின் முடிவு. யாராவது பந்தல்காரர் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால் அவர்களுக்கே போட்டியாக அவர்கள் குரல் ஊர் ஊராகப் போகும். அதுவுமல்லாமல் ஆயா இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் போன் கிடையாது, கார்டு மருமகள் போனில் இருக்கிறது. “நான் செத்தா அந்தக் கருமத்தப் போட்டுட்டு ஒக்காந்துடாதீங்கடி. நேரா வந்து அழுங்க.”

தாலாட்டு இரண்டு இன்னும் பதிய வேண்டியிருக்கிறது. அதற்கு வீடே போதும்; எந்த வீட்டிலும் பாடலாம். முந்திரி முடிந்த பிறகு, ஆனியில், என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பம்பை வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். ஆனாலும் வருவாராம், பங்கு எட்டுதான்.